கோயில் வேன் எஞ்சினுக்கு என்ன ஆச்சு?



கோயில் வேன் ஏன் ஒரு மாசமா ஓடலை, எஞ்சின் மாத்தப் போறாங்களாமே, கும்பாபிஷேக நிதியிலிருந்து காசு எடுக்கிறாங்களாமே என்று கேட்காத ஆளில்லை. போன வெள்ளிக்கிழமை அன்னதானப் பந்தியில் சாம்பார் வாளியோடு போகும்போது கூட ரெண்டு பேர் நிறுத்திக் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டிருப்பதை விட எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்று வேனைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் நாலு பேரும் பேசி முடிவு செய்தோம். பதிவு கொஞ்சம் நீளம்தான். பழைய காடி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள், உங்களுக்கும் உதவும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறோம். எஞ்சின் மாற்றவில்லை. கும்பாபிஷேக நிதியை யாரும் தொடவில்லை. கெட்டுப்போனது ஒரே ஒரு வால்வு, மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. அது கெட்டதற்கு வேன் ஓட்டும் அண்ணன் காரணமில்லை. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் உட்கார்ந்து இவ்வளவும் எழுதுகிறோம்.

நம்ம வேன் நிசான் வெனட். 1.5 லிட்டர், கார்புரேட்டர், நாலு சிலிண்டர், எட்டு வால்வு. கோயிலுக்கு வரும்போதே பழைய வண்டி, இப்போது வயது 25-க்கு மேல். எங்கள் வயதுக்காரர்களுக்கு டட்சன் 120ஒய் ஞாபகம் இருக்கும். அந்தக் காடியின் எஞ்சினும் இந்த எஞ்சினும் ஒரே குடும்பம்தான். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் கண்முன்னால் இருக்கும். காது இருந்து, கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தன் நோயைத் தானே சொல்லும் எஞ்சின்.

தைப்பூசத்துக்கு தண்ணீர்மலைக்கு பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு போனபோதுதான் முதல் அறிகுறி. பினாங்கு பாலம் நடுவில் மேடேறும் இடம் தெரியுமே, அங்கே மூன்றாவது கியரில் திணறியது. எப்போதும் நாலாவது கியரில் ஏறும் வண்டி. அதற்குப் பிறகு சிவப்பு விளக்கில் நின்றால் குலுங்க ஆரம்பித்தது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டிமார் "என்னப்பா, வண்டிக்கு குளிர் காய்ச்சலா?" என்று கேட்பார்கள். ஆனால் மிதித்து ஓட்டினால் குலுக்கல் காணாமல் போகும். பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு கொத்து நீலப் புகை வரும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். பேர் வேண்டாம். போர்மன் இருக்கையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. காலைப் புகையைப் பார்த்தார், "ரிங் போச்சு, எஞ்சின் முடிஞ்சுது, ஹாஃப்கட் எஞ்சின் போட்டுடுங்க" என்றார். 4,200 வெள்ளி. கோயிலுக்கு அது சின்னத் தொகை இல்லை. பத்து வெள்ளி, இருபது வெள்ளியாக உண்டியலில் விழுந்த காசு.

அதை விட மோசம் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்தது. ரிங் போச்சு என்றால் எண்ணெய் பார்க்காமல் ஓட்டியிருக்கணும், எண்ணெய் பார்க்க வேண்டியது யார், ஓட்டுநர். ரெண்டு நாளில் பேச்சு அங்கே போய் நின்றது. "லோரி ஓட்டின கை, அப்படித்தான் ஓட்டும்" என்று கூட ஒருத்தர் போட்டார். அண்ணனுக்கு வாட்ஸ்அப் சரியாகப் பார்க்கத் தெரியாது. ஆனால் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள் இல்லையா? அடுத்த வெள்ளிக்கிழமை வேன் சாவியை ஆலய அலுவலகத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு மூன்று வாரம் கோயில் பக்கமே வரவில்லை. பதினோரு வருடம் ஒரு காசு வாங்காமல் ஓட்டிய மனிதர்.

எங்களில் மூன்று பேர் ஃபேக்டரியில் வேலை. மெஷின் நின்றால் மேனேஜர் முதலில் கேட்பது "யார் ஷிஃப்ட்?" என்றுதான். ஆனால் எந்தப் பாகம், ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடித்த பிறகு பார்த்தால் பாதி நேரம் அந்த ஷிஃப்ட்டுக்கும் அந்தப் பழுதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால் தலைவரிடம் போய், "ரெண்டு ஞாயிற்றுக்கிழமை கொடுங்க, சோதனை பண்ணிட்டு அப்புறம் காசைப் பத்திப் பேசலாம்" என்று கேட்டோம். சரி என்றார்.

வால்வு என்ன வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு ரெண்டு வார்த்தை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ரெண்டு கதவு. ஒன்று காற்றும் பெட்ரோலும் உள்ளே வர, இன்னொன்று எரிந்த புகை வெளியே போக. நடுவில் அழுத்தி எரிக்கும் நேரத்தில் ரெண்டும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். பிரஷர் குக்கரின் ரப்பர் தேய்ந்துபோனால் ஓரமாக ஆவி போய் அரிசி வேகாதே, அதே கதைதான். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. அதுவும் எக்ஸாஸ்ட் வால்வு நெருப்புக்குள்ளேயே வாழ்கிறது. அந்தச் சூடு இறங்க அதற்கு முக்கியமான வழி, மூடியிருக்கும் நேரத்தில் வால்வு சீட்டில் நன்றாக உட்கார்ந்து ஹெட்டுக்குச் சூட்டைக் கடத்துவது. அடுப்பிலிருந்து எடுத்த கரண்டியை ஈரத்துணியில் வைத்தால் ஆறுகிற மாதிரி. சரியாக உட்காரவில்லை என்றால் ஆறாது. ஆறாவிட்டால் ஓரம் கருகும்.

முதல் ஞாயிறு காலைப் பூஜை முடிந்து மடப்பள்ளிக்குப் பின்னால் வேனை நிறுத்தினோம். முதலில் புகை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது, அது சரி. ஆனால் எப்போது வருகிறது என்று பார்க்கணும். ரிங் தேய்ந்திருந்தால் பாரம் ஏற்றி மிதிக்கும்போதெல்லாம் புகை விடாமல் வரும். ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் ஒரு கொத்து வருகிறது, இல்லை இறக்கத்தில் காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதித்தால் வருகிறது என்றால், வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் கசிகிறது. தண்டைப் பிடித்திருக்கும் கைடு தேய்ந்திருக்கும், அல்லது மேலே இருக்கும் ரப்பர் சீல் கல்லாகியிருக்கும். நம்ம வேன் காலையில் மட்டும் விட்டது. அப்போதே எங்களுக்கு ரிங் மேல் சந்தேகம் குறைந்துவிட்டது.

அடுத்து புகைக்குழாய். திருவிழா நோட்டீஸ் ஒன்றை எடுத்து, ஐட்லிங்கில் குழாய் வாய்க்கு முன்னால் பிடித்தோம். எல்லாம் நன்றாக இருந்தால் காகிதம் வெளியே தள்ளப்பட்டே நிற்கும். இங்கே புஸ், புஸ், புஸ் என்று தள்ளி, நடுவில் ஒரு தடவை காகிதத்தை உள்ளே இழுத்தது. திரும்பத் திரும்ப அதே தாளத்தில். எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் இருந்தால் பிஸ்டன் கீழே இறங்கும்போது குழாய் வழியாகவும் மூச்சு வாங்கும். அப்பாக்கள் காலத்துச் சோதனை இது, செலவு ஒரு காகிதம்.

பிறகு பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ரப்பர் கைப்பிடி உள்ள பிளையர் வேண்டும், ஈரக் கையோடு தொடாதீர்கள், தூக்கிப் போடும். ஒன்று, ரெண்டு, நாலு கழற்றும்போது எஞ்சின் தடுமாறியது. மூன்றைக் கழற்றினால் எந்த மாற்றமும் இல்லை. வேலை செய்யாத ஆள் லீவு போட்டால் ஃபேக்டரிக்கு என்ன நஷ்டம்? அதே மாதிரி. பிளக்தான் கெட்டதோ என்று மூன்றையும் நாலையும் மாற்றிப் போட்டோம். அப்போதும் மூன்றுதான் சும்மா இருந்தது.

எங்களில் ஒருத்தரிடம் வேக்குவம் கேஜ் இருந்தது. நல்ல எஞ்சினில் ஐட்லிங்கில் முள் 17-க்கும் 21-க்கும் நடுவில் ஆடாமல் நிற்கும். நம்மதில் ஒரே இடைவெளியில் டக், டக் என்று கீழே விழுந்து ஏறியது. ஒரு வால்வு மூடவில்லை என்பதற்கு அடையாளம் அதுதான். கைடு தேய்ந்திருந்தால் முள் ஐட்லிங்கில் வேகமாக நடுங்கும், மிதித்தால் நின்றுவிடும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தலைகீழ், மிதிக்க மிதிக்க நடுக்கம் கூடும். இந்த ஒரு கருவி பல கதை சொல்லும். விலையும் அதிகமில்லை.

ஆனாலும் முள்ளையும் காகிதத்தையும் காட்டி கமிட்டியில் பேச முடியாது. கையில் நம்பர் வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, கோயில் வயரைப் பிரித்து (சாமி கோயில் இல்லை, இக்னிஷன் கோயில்), ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு கம்ப்ரெஷன் எடுத்தோம். பேட்டரி நல்ல சார்ஜில் இருக்கணும், இல்லாவிட்டால் எல்லா நம்பரும் பொய் சொல்லும். மிதிக்க மறந்தாலும் அப்படித்தான். வந்த நம்பர்: 165, 160, 85, 160. அளவு பி.எஸ்.ஐ.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. 85 என்பது ரிங்காலும் வரலாம், வால்வாலும் வரலாம். இதைப் பிரித்துப் பார்க்க ஒரு டீஸ்பூன் எஞ்சின் எண்ணெயை அந்தப் பிளக் ஓட்டை வழியாக ஊற்றி மறுபடி எடுக்கணும். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றி நின்று ரிங் கசிவை அடைக்கும். ரிங் குற்றவாளி என்றால் நம்பர் நன்றாக ஏறும். வால்வு என்றால் ஏறாது, ஏனென்றால் எண்ணெய் மேலே போய் வால்வை அடைக்க முடியாது. எங்களுக்கு வந்தது 90. அதாவது ஏறவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட்டிருப்போம். இங்கே ஒன்றுதான்.

கடைசிச் சோதனை எங்களுக்குப் பிடித்தது. ஃபேக்டரியில் காற்றுக் குழாயில் கசிவு தேடுவதுதானே எங்கள் பிழைப்பு. மூன்றாவது பிஸ்டனை உச்சியில், ரெண்டு வால்வும் மூடியிருக்க வேண்டிய நிலையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாக கம்ப்ரெஸர் காற்றை விட்டோம். எஞ்சின் திடீரென்று சுற்றிக் கையை நசுக்கும், ஃபேன் பக்கம் யாரும் நிற்கக் கூடாது, அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றணும். பிறகு காது. காற்று கார்புரேட்டரில் இரைந்தால் உள்வரும் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியில் இரைந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். எங்களில் ஒருத்தர் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து குழாயில் காதை வைத்தார். உடனே கையைத் தூக்கினார். அப்படி ஒரு இரைச்சல். எண்ணெய் மூடியில் சத்தமே இல்லை என்று சொல்லலாம்.

மேல் மூடியைக் கழற்றி டேப்பெட் இடைவெளி பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் சூடான எஞ்சினில் 0.35 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கணும். மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் ஃபீலர் கேஜின் மிக மெல்லிய தகடு கூட நுழையவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்கணும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். தேய்ந்தால் இடைவெளி கூடும், டிக் டிக் என்று சத்தம் வரும் என்று நினைப்போம். கேமும் ராக்கரும் தேய்ந்தால் அது உண்மை. ஆனால் வால்வும் வால்வு சீட்டும் தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் மேலே ஏறிப் போகும். தண்டும் சேர்ந்து மேலே ஏறும். இடைவெளி சுருங்கும். சத்தம் குறையும்! கடைசியில் இடைவெளியே இல்லாமல் ராக்கர் வால்வை மூட விடாமல் பிடித்துக்கொள்ளும். சூட்டில் தண்டு நீளும்போது இன்னும் மோசம். நெருப்பு அந்தச் சின்ன இடுக்கு வழியாகப் பாய்ந்து வால்வின் ஓரத்தை வெட்டிவிடும்.

பொங்கல் சமயத்தில் அண்ணன் எங்களிடம் சொன்னார், "தம்பி, வண்டி இப்பல்லாம் சத்தமே இல்லாம ஓடுது." எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எஞ்சின் நோயைச் சொன்னது, அண்ணன் காதில் அது சரியாக விழுந்திருக்கிறது. அதற்கு அர்த்தம் என்ன என்று எடுத்துச் சொல்ல வேண்டியது சர்வீஸ் எடுக்கும் போர்மன்.

பில்லை எல்லாம் எடுத்துப் புரட்டினோம். ஆறு வருடத்தில் 19 தடவை எண்ணெய் மாற்றியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அண்ணன் கையெழுத்தில் தேதியும் கிலோமீட்டரும். அவர் எண்ணெய் பார்க்காத ஆள் இல்லை. டேப்பெட் பார்த்ததாக ஒரு பில்லில் கூட ஒரு வரி இல்லை. வண்டியை வாங்கி சர்வீஸ் செய்து காசு வாங்கிய ரெண்டு ஒர்க்‌ஷாப்பும் அந்த மூடியைத் திறந்ததாகத் தெரியவில்லை. பழைய எஞ்சின்களில் இதைக் கேட்டு வாங்கித்தான் செய்யணும் போலிருக்கிறது. புதுக் காடிகள் பலவற்றில் இந்த ஸ்க்ரூவே கிடையாது, அதனால் இளம் போர்மன்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு.

இங்கே பழைய மோரிஸ் மைனர் மாதிரி வண்டியைப் பிள்ளை போல வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது வால்வு சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. உடம்புக்கு விஷம் என்று நாடு நாடாக நிறுத்தினார்கள், கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. நல்லதுதான். ஆனால் கடினமான சீட் பொருத்தாத பழைய எஞ்சினில் இப்போதைய பெட்ரோல் ஊற்றி நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு சீக்கிரம் உள்ளே ஏறும். கேஸில் ஓடும் வண்டிக்கும் இதே பிரச்சினை உண்டு, என்.ஜி.வி. டாக்சி ஓட்டின அன்பர்களைக் கேளுங்கள். இடைவெளியை அடிக்கடி பாருங்கள்.

நம்ம கதைக்கு வருவோம். ஹெட்டைக் கழற்றும் முன் இடைவெளியைச் சரியாக வைத்துவிட்டு இன்னொரு தடவை கம்ப்ரெஷன் எடுத்தோம். வால்வு கருகாமல் இருந்தால் இதிலேயே நம்பர் ஏறியிருக்கும், பத்து காசு செலவில்லை. 95-தான் வந்தது. சரி, கருகிவிட்டது என்று தெரிந்தது.

ரெண்டாவது ஞாயிறு, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ஹெட்டை இறக்கினோம். அலுமினிய ஹெட், சூட்டோடு கழற்றினால் வளைந்துவிடும். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் எலி கடித்த தோசை மாதிரி ஒரு துண்டைக் காணோம். சிலிண்டர் சுவரைத் துடைத்துப் பார்த்தால் ஃபேக்டரியில் போட்ட குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தன. "முடிஞ்சுபோன" எஞ்சினின் சுவர் அது. அதை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டோம். அன்றைக்கு மட்டும் குரூப் அமைதியாக இருந்தது.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு எஞ்சின் மெஷினிங் செய்யும் சீனப் பெரியவரிடம் போனோம். வால்வைக் கையில் வாங்கினார், "சூடா ஹாங்குஸ்" என்று ஒரே வார்த்தை, பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எட்டு சீட்டையும் வெட்டி, நாலு எக்ஸாஸ்ட் வால்வும் புதிதாகப் போட்டு, கல்லாகிப் போன சீல் எட்டையும் மாற்றி, ஹெட் முகத்தைச் சமமாக்கிக் கொடுத்தார். திரும்ப மாட்டும் முன் ஒவ்வொரு போர்ட்டிலும் பெட்ரோல் ஊற்றி வைத்துப் பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை. மாட்டி முடித்து எடுத்த கம்ப்ரெஷன்: 165, 165, 160, 165. காலைப் புகையும் நின்றுவிட்டது.

மொத்தச் செலவு 690 வெள்ளி. அதில் 300 ஒரு அன்பரின் உபயம், பேர் போட வேண்டாம் என்றார். மீதி வேன் பராமரிப்புக் கணக்கிலிருந்து. பில் எல்லாம் பொருளாளரிடம் இருக்கிறது, நோட்டீஸ் போர்டிலும் ஒட்டியிருக்கிறோம், யாரும் பார்க்கலாம்.

கருகிய வால்வை ஒரு பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். கூடவே அவர் எழுதி வைத்த பில் கட்டும். வாசலில் உட்காரச் சொன்னார், அண்ணி காப்பி கொண்டுவந்தார். வால்வைக் கையில் வாங்கி, வெட்டுப்பட்ட இடத்தில் கட்டை விரலை வைத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் நடந்ததை எல்லாம் சொன்னோம். தலைவர் போனில் பேசி வருத்தம் தெரிவித்தார், அதற்கு அண்ணன் "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று மட்டும் சொன்னார். லோரி கை என்று எழுதியவரும் மறுநாள் நேரில் போய்ப் பேசியதாகக் கேள்வி. அது அவர்கள் ரெண்டு பேர் விஷயம். நாங்கள் கிளம்பும்போது அண்ணன் கேட்டது ஒன்றுதான்: "சாவி இன்னும் ஆபீஸ்லதானே இருக்கு?"

புது சீட் படிய வேண்டும் என்பதால் முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் டேப்பெட் இடைவெளி மறுபடி பார்ப்போம். அதன் பிறகு ஒவ்வொரு 10,000-க்கும். ஓட்டுநர் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறோம், எட்டு வால்வுக்கும் எட்டுக் கட்டம், தேதியோடு.

இந்த வெள்ளிக்கிழமையிலிருந்து வேன் வழக்கம் போல ஓடும். தாமான் முன்வாசலில் மாலை மணி 6.15, ஃப்ளாட் புளோக் கீழே 6.30, பூஜை முடிந்து 9.00 மணிக்குத் திரும்பும். ஓட்டுவது அண்ணன்தான். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் வியாழக்கிழமைக்குள் அலுவலகத்தில் பேர் கொடுங்கள், வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொள்வோம்.